பல் மருத்துவரின் நாற்காலி அருகே ஒரு மாதம்

(இளைஞர்க்கும் பெற்றோர்க்கும்)

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, நுழைவுத் தேர்வும் எழுதியான பின், கல்லூரிக் கதவு திறக்கும் வரையில் நம் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் ஓய்வாகக் கிடைக்கின்றன. படிப்பதற்குப் பாடம் இல்லை; போவதற்குப் பள்ளி இல்லை. ஊருக்குப் போய் வரலாம் என்றால் கோடையில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் பத்து நாளில் திரும்பிவிடுகிறோம். மீதமுள்ள நாட்களை ஏதேனும் ஒரு தொழிலை அருகில் இருந்து காண்பதற்குச் செலவிட்டால் என்ன? அந்த நோக்கத்தோடு இம்மாதம் பல் மருத்துவத் தொழிலை எடுத்துக்கொள்வோம்.

இதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மருத்துவப் படிப்புக்கும் பல் மருத்துவப் படிப்புக்கும் 'நீட்' என்னும் ஒரே தேர்வுதான் வாயில். ஆகவே, "எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பி.டி.எஸ். இருக்கவே இருக்கிறது" என்ற பேச்சு நம் வீடுகளில் எளிதாக எழுந்துவிடுகிறது. மதிப்பெண் சற்றுக் குறைந்தால், தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் செலவிட்டு இடம் தேடுகிறோம். பிறந்த மண்ணை விட்டு வந்து, வாடகை வீட்டில் இருந்து, பிராவிடண்ட் பண்டிலும் சீட்டிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. போதாததற்கு வங்கிக் கடன் வேறு. அந்தப் பணத்தைக் கட்டும் முன், நம் பிள்ளை ஒரு நாளேனும் பல் மருத்துவரின் நாற்காலி அருகே நின்று, அவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று பார்த்ததுண்டா? தன் பல்லைக் காட்டப் போனதைத் தவிர வேறு பழக்கம் இல்லாமலே ஐந்தாண்டுக்கு ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய துணிவு!

ஆகையால், ஒரு மாதம் அங்கே இருந்து வருவதன் தலையாய பயன் இதுவே: "இந்தத் தொழில் எனக்கு ஏற்றதுதானா?" என்ற வினாவுக்கு மாணவர் தாமே நேர்மையாக விடை காண்பது. அவ்விடை 'ஆம்' என்றிருந்தால் நன்று. 'இல்லை' என்றிருந்தாலும் அந்த மாதம் வீணாகவில்லை. இதனை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் பல் வைத்தியம் பயில்வதற்கு அருகில் இருப்பது ஒன்றே வழியாக இருந்தது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920ஆம் ஆண்டில்தான் கல்கத்தாவில் தோன்றியது. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய டாக்டர் ரபியுதீன் அகமது அதனை நிறுவினார். இன்றும் அவர் பெயராலேயே அக்கல்லூரி விளங்குகிறது. அதற்கு முன்னும், அதன் பின் நெடுங்காலமும், பலர் ஒரு வைத்தியரிடம் உதவியாளராக அமர்ந்து, கருவி எடுத்துக் கொடுத்து, மெல்ல மெல்லத் தொழில் பழகினார்கள். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் நாடெங்கும் பதிவேட்டு முறையைக் கொண்டுவந்தது. பட்டம் இல்லாமலே ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் நடத்தி வந்தவர்களுக்கென்று அப்பதிவேட்டில் தனிப் பகுதியும் வைத்தார்கள். பின்னர் அந்த வழி அடைபட்டது. இன்று நான்காண்டுப் படிப்பும், அதன் மேல் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் முடித்துப் பதிவு பெற்றவரே பல் மருத்துவர். 2023இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பதிவு பெறாதவர் பிறருக்குப் பல் சிகிச்சை செய்யலாகாது என்ற நெறி மாறவில்லை.

ஆதலால், நம் மாணவர் அங்கே எவர் வாயிலும் கை வைக்கப் போவதில்லை. "ஒரு மாதம் போனாய், ஒரு பல்லாவது பிடுங்கினாயா?" என்று மாமாவும் சித்தப்பாவும் கேட்பார்கள், அதற்கு நாணவேண்டுவதில்லை. பார்க்கப் போனவர் பார்த்துவிட்டு வருவதே முறை. மாறாக, எந்த மருத்துவராவது மாணவர் கையில் ஊசியையோ துளைக்கருவியையோ கொடுப்பாராயின், பணிவோடு மறுத்துவிட்டு வேறிடம் தேடுவதே நல்லது.

போகும் முன்

இடம் கேட்கும் பொறுப்பு மாணவருடையது. தந்தையார் போய்ச் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்தால், முதல் பாடமே கைநழுவிப் போகும். வீட்டிற்கு அருகில் உள்ள இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குக் கூட்டம் இல்லாத வேளையில் நேரே சென்று, ஒரு சிறு கடிதத்தைக் கொடுக்கவேண்டும். பெயர், பள்ளி, வயது, எத்தனை நாள், நாளைக்கு எத்தனை மணி நேரம், எதற்காக என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு மூன்று மணி நேரம் என்று வரையறுத்துக் கேட்டால் ஒப்புக்கொள்வது மருத்துவர்க்கும் எளிது. சம்பளம் எதிர்பார்க்கலாகாது. அதைப் போலவே, 'பயிற்சிக் கட்டணம்' என்று எவரேனும் பணம் கேட்டால் அங்கே போகவும் வேண்டியதில்லை.

ஒரே நாற்காலி உள்ள சிறு கிளினிக்கே முதலில் ஏற்றது. அங்கே மருத்துவர், உதவியாளர், நோயாளி ஆகிய மூவரையும் ஒருங்கே காணலாம். வீட்டுப் பெரியவர் எவரையாவது அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால், மாணவரைத் துணைக்கு அனுப்புங்கள். புறநோயாளர் பகுதியின் நீண்ட வரிசையையும், பயிற்சி மாணவர்கள் ஓடியாடிப் பணிபுரிவதையும் ஒரு காலைப் பொழுது கண்டு வந்தால், தாம் படிக்க நினைக்கும் படிப்பின் முகம் தெரிந்துவிடும்.

நகம் வெட்டியிருக்கவேண்டும், தலைமயிர் கட்டியிருக்கவேண்டும், விரல்களை மூடிய செருப்போ பூட்ஸோ அணியவேண்டும். மோதிரம், வளையல் வேண்டா. மற்றொன்று இதனினும் முக்கியம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்னும் நோய்க் கிருமி குருதி வழியே பரவுவது. அதற்கான தடுப்பூசியைப் பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று தவணையாகப் போடுகிறார்கள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. குழந்தைப் பருவத்தில் போட்டாயிற்றா என்று பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இல்லையெனில் குடும்ப மருத்துவரைக் கேளுங்கள். எவ்வாறாயினும், பயன்படுத்திய ஊசியையும் கூரிய கருவிகளையும் மாணவர் தொடவே கூடாது. தவறிக் குத்திவிட்டால், அந்த இடத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, அக்கணமே மருத்துவரிடம் சொல்லவேண்டும். திட்டுவார்களோ என்று அஞ்சி மறைப்பது பெருந்தீங்கு.

முதல் வாரம்: கருவிகளைப் பின்தொடர்தல்

முதல் நாள் எல்லோருடைய கண்ணும் நோயாளியின் வாயையே நாடும். புதியவருக்கு அங்கே ஒன்றும் விளங்காது. ஆகவே, முதல் வாரத்தில் கருவிகளைப் பின்தொடருங்கள். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய சிறு கண்ணாடியும் கொக்கி முனைக் கருவியும் எங்கே போகின்றன? அவற்றைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, காகித உறையில் இட்டு மூடி, ஆட்டோக்ளேவ் என்னும் நீராவிக் கலத்தில் வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமே அதுவும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி வெப்பத்தில், குறைந்தது 15 நிமிடமேனும் நீராவியில் இருந்தால்தான் கிருமிகளோடு அவற்றின் வித்துக்களும் மடியும். உறையின் மேல் உள்ள குறி நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே உள்ளே இருப்பதைப் பயன்படுத்துவார்கள். கழுவாமல் வைத்த கருவியை எவ்வளவு நேரம் நீராவியில் வைத்தாலும் பயன் இல்லை. ஒட்டிய அழுக்கின் அடியில் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

கழிவுகளையும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, குருதி தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், கையுறையும் பிளாஸ்டிக் குழாயும் சிவப்புப் பையிலும், ஊசி முனைகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியிலும் சேரவேண்டும். இவை ஒழுங்காக நடைபெறும் இடத்தில் மற்றவையும் ஒழுங்காக நடைபெறும் என்று நம்பலாம். பிற்காலத்தில் நீங்கள் பல் மருத்துவர் ஆகாவிட்டாலும், நோயாளியாக எந்த நாற்காலியில் அமரலாம் என்று தெரிந்துகொள்வதற்கு இந்த ஒரு வாரமே போதும்.

எண்களின் மொழி

"நாற்பத்தாறில் சொத்தை, பதினாறு நன்றாக இருக்கிறது" என்று மருத்துவர் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வதைக் கேட்பீர்கள். வாயை நான்கு பகுதியாக்கி, வலமேலே 1, இடமேலே 2, இடக்கீழே 3, வலக்கீழே 4 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் முன்பல் முதல் கடைசிப் பல் வரை 1 முதல் 8. ஆக, 46 என்பது வலக்கீழே நடுவிலிருந்து ஆறாவது பல். பாற்பற்கள் இருபதுக்கும் 5 முதல் 8 வரை வேறு பகுதி எண்கள்.

இந்த ஆறாவது பல்லைப் பற்றி வீட்டில் தம்பி தங்கைகள் இருப்பவர்கள் அறிந்துகொள்வது நன்று. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் இது முளைத்துவிடும். "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று தாய்மார் எண்ணிக் கவலையின்றி இருப்பர். உண்மையில் அது வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய பல்; போனால் மீண்டும் முளைக்காது. கிளினிக்குக்குப் போகும் மாணவர் முதல் வாரம் முடிந்ததும், வீட்டில் எல்லோரையும் விளக்கடியில் உட்காரவைத்து, பற்களை எண்ணி இவ்வெண்களால் எழுதிப் பார்க்கலாம். நாலைந்து வாய்களைப் பார்த்துவிட்டால் எண்கள் மறக்கமாட்டா.

வலிக்குரிய சொற்கள்

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளிடம் மற்றவர்க்கு இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு மூன்று மொழிகள் தெரியும். பல் மருத்துவர் நோயை அறிய முதலில் நாடுவது நோயாளியின் சொல்லைத்தான். நம்மவர் ஒருவர் "பல் கூசுகிறது" என்பார். வேறொருவர் "விண் விண் என்று தெறிக்கிறது" என்பார். இன்னொருவர் "கடித்தால் சுருக்கென்கிறது" என்பார். இவை மூன்றும் வேறு வேறு. குளிர்ந்த நீர் பட்டதும் கூசி உடனே அடங்கினால், பல்லின் மேலோடு தேய்ந்தோ சிறிதளவு சொத்தை விழுந்தோ இருக்கலாம். சூடு பட்டதும் வலி எழுந்து நெடுநேரம் நிற்பதும், இரவில் படுத்தால் தெறிப்பதும் பல்லின் நடுவே உள்ள நரம்புக் கூழ் கெட்டுவிட்டதன் அடையாளமாகலாம். கடிக்கும்போது மட்டும் வலித்தால், பல்லில் விரிசலோ வேரடியில் சீழோ இருக்கக்கூடும். எதுவாயினும் முடிவு செய்பவர் மருத்துவர். ஆனால் அவர் எங்கே தேடவேண்டும் என்று காட்டுவது நோயாளியின் சொல்.

கல்கத்தாவில் பல் 'ஷிர்ஷிர்' என்கிறது என்றால் கூச்சம். 'கன்கன்' என்கிறது என்றால் உள்ளே குடையும் வலி. இந்தியில் 'தண்டா கரம் லக்தா ஹை' என்பார்கள். மராத்தியில் 'டணக்' என்றால் தெறிப்பு. அண்மையில் ஊரிலிருந்து கூலி வேலைக்கு வந்த தமிழர் ஒருவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இவற்றில் ஒரு சொல்லும் அறியாமல், கையால் மட்டும் சைகை காட்டி நிற்பாராயின், அங்கே நம் மாணவர் பேருதவி செய்யலாம். "ஐயா, கூசுகிறதா, தெறிக்கிறதா? இரவில் தூக்கம் கெடுகிறதா?" என்று தமிழில் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே மருத்துவரிடம் எடுத்துரைக்கவேண்டும். தம் கருத்தைச் சேர்க்கவும் கூடாது. அவர் கூறியதில் எதையும் குறைக்கவும் கூடாது. அந்த ஒரு மாதத்தில் மாணவர் பிறருக்குச் செய்யக்கூடிய உண்மையான தொண்டு இதுவாக இருக்கலாம். வீட்டில் தமிழ் பேசுவதன் பயனும் அப்போது விளங்கும்.

ஊரும் வாயும்

ஒவ்வோர் ஊரின் பழக்கமும் அவ்வூரார் வாயில் பதிந்திருக்கும். மகாராஷ்டிரத்தில் மிஸ்ரி என்னும் வறுத்த புகையிலைத் தூளை ஈறில் தேய்க்கும் பழக்கம் பெண்களிடத்திலும் உண்டு. கிழக்கே குல் என்ற புகையிலைப் பொடியால் பல் துலக்குவார்கள். பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவை மகாராஷ்டிர அரசு 2012இல் தடை செய்தது; ஆயினும் அதனால் கெட்ட வாய்களைக் கிளினிக்கில் காணலாம். பாக்கை நெடுங்காலம் மென்றவர்க்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பது நாளடைவில் குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்கும் அளவு வாய் திறக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. அவ்வாறு இறுகிய வாயில் பின்னாளில் புற்றுநோய் தோன்றும் அபாயம் மிகுதி. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு மெல்லுதல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வகைப்படுத்தியது. நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றியும் மாணவர் வீட்டில் மெல்லப் பேசலாம். மரியாதை குறையாமல் பேசவேண்டும்.

மற்றொரு காட்சியும் உண்டு. புகைபிடிக்காத, பாக்குப் போடாத ஒருவரின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். "எந்த ஊர்?" என்று மருத்துவர் கேட்பார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமோ, தெலுங்கானாவில் நல்கொண்டாவோ, ராஜஸ்தானமோ என்று விடை வரும். நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் இடங்களில், பல் உருவாகும் சிறு வயதில் அந்நீரைப் பருகினால் இக்கறை உண்டாகும். எட்டு வயதுக்குப் பின் ஊரை விட்டு எங்கே வந்து குடியேறினாலும் அது மறைவதில்லை. அதனைப் பல் துலக்காத அழுக்கு என்று எண்ணி இகழ்வோர் பலர். கல்யாணப் பேச்சின்போது கூடப் பெண்கள் இதனால் மனம் நோகிறார்கள். காரணம் அறிந்த மாணவர் ஒருவர் இருந்தால், அந்த வீட்டிலாவது அவ்விகழ்ச்சி நிற்கும்.

ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை

ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே, ஏதேனும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடருங்கள். முழுப் பல் செட்டு அதற்கு மிகவும் ஏற்றது. வழக்கமாக ஐந்து முறை நோயாளி வரவேண்டியிருக்கும். முதலில் வாயின் அளவை அச்சாக எடுப்பார்கள். அடுத்து அதனினும் நுட்பமான அச்சு. பின்பு மேல்தாடையும் கீழ்த்தாடையும் எவ்வளவு உயரத்தில், எந்த இடத்தில் பொருந்துகின்றன என்ற கணக்கு. நான்காவதாக மெழுகில் பற்களைப் பதித்துப் பொருத்திப் பார்த்தல். ஐந்தாவதாகச் செட்டைக் கொடுத்தல். அதன் பின்னும், ஈறில் உறுத்தும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்ய ஓரிரு முறை வருவார்கள்.

மருத்துவர் அனுமதித்தால், இந்தச் செட்டுகளைச் செய்யும் தொழிற்கூடத்தையும் ஒரு நாள் பார்த்து வாருங்கள். அங்கே பணிபுரியும் பல் தொழில்நுட்பரின் கைத்திறன் பொற்கொல்லரின் கைத்திறனுக்குக் குறைந்ததன்று. மெழுகில் பதித்த செட்டை அணிந்து, ஆண்டுக்கணக்கில் பொக்கை வாயாக இருந்த தாத்தா ஒருவர் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் நாளில், மாணவர் அருகில் இருப்பது நல்லது. இத்தொழில் எதற்காக இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

பணம் பேசும் வேளை

புத்தகத்தில் இல்லாத பாடம் ஒன்றும் அங்கே நடக்கும். "இந்தப் பல்லை வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றலாம், மேலே தொப்பியும் போடவேண்டும்" என்று மருத்துவர் சொல்வார். ஆகும் செலவைக் கேட்டதும், நாட்கூலி பெறும் மனிதர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிடுங்கிவிடுங்கள், டாக்டர்" என்பார். காப்பாற்றக்கூடிய பல் பணமின்மையால் போகிறது. அவ்வேளையில் மருத்துவர் என்ன செய்கிறார்? தவணையில் வாங்கிக்கொள்கிறாரா? அரசு மருத்துவமனைக்கு வழி சொல்கிறாரா? வலியை நீக்கித் தற்காலிகமாக அடைத்து அனுப்புகிறாரா? அல்லது பிடுங்கிவிடுகிறாரா? அவரைக் குற்றம் காண்பதற்காகப் பார்க்கவேண்டுவதில்லை. அவருக்கும் வாடகை உண்டு, உதவியாளருக்குச் சம்பளம் உண்டு. "நாளை நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்?" என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

செய்யத் தகாதவை

நோயாளியின் அனுமதியின்றி அருகில் நிற்கலாகாது. அவருடைய பெயரையும் நோயையும் வெளியே சொல்லலாகாது. நம் குடியிருப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஆதலின், "நான்காம் மாடி மாமிக்குப் பல் செட்டு" என்று வீட்டில் சொல்வதும் தவறே. செல்போனில் படம் எடுக்கவே கூடாது. எக்ஸ்ரே எடுக்கும்போது அறைக்கு வெளியே வந்துவிடவேண்டும். தலை சுற்றினால் வீரம் காட்டாமல் உடனே உட்கார்ந்துவிடவேண்டும். குருதியைக் கண்டு முதல் நாள் மயங்கியவர் பின்னாளில் நல்ல மருத்துவராவதும் உண்டு.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வீடு திரும்பியதும், கண்டது ஒன்று, விளங்காதது ஒன்று, அன்று மனம் எப்படி இருந்தது என்பது ஒன்று, ஆக மூன்று வரி எழுதினால் போதும். நோயாளி பெயர் அதில் வேண்டா. விளங்காதவற்றைச் சேர்த்து வைத்து, வாரக் கடைசியில் மருத்துவர் ஓய்வாக இருக்கும்போது கேளுங்கள். பல் மருத்துவம் பற்றி மட்டும் கேட்காமல், அவர் வாழ்க்கையைப் பற்றியும் பணிவாகக் கேட்கலாம்: படித்து முடித்த முதல் மூன்றாண்டு எப்படிப் போயிற்று? சொந்தக் கிளினிக் வைக்க எத்தனை காலமாயிற்று? கழுத்தும் முதுகும் வலிக்கின்றனவா? எந்த வேலை அலுப்பூட்டுகிறது? மறுபடி பதினேழு வயதானால் இதையே தேர்ந்தெடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் விடையைவிட, விடை வருமுன் அவர் மௌனமாக இருக்கும் நேரம் அதிகம் சொல்லும்.

விடையை மதித்தல்

மாத முடிவில் குறிப்பேட்டின் மூன்றாவது வரிகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் எழுந்த அருவருப்பைக் கணக்கில் கொள்ளவேண்டா. அது பெரும்பாலும் தணிந்துவிடும். அதைப் போலவே, மருத்துவரின் காரையும் பெயர்ப்பலகையையும் கண்டு எழுந்த ஆசையையும் கணக்கில் கொள்ளவேண்டா. ஒரே நிலையில் குனிந்து, சிறு கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் பல்லைப் பார்த்து, மயிரிழை அளவில் கை அசைத்து, அஞ்சும் மனிதரிடம் பொறுமையாகப் பேசும் வேலை அது. இருபதாம் நாளிலும் அதனைப் பார்ப்பதில் ஆர்வம் குறையவில்லையா? அப்படியானால் 'ஆம்' என்பது உண்மையான விடை. இருபதாம் நாளில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அதுவும் உண்மையான விடைதான்.

இங்கேதான் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பெண் வந்து, "அப்பா, எனக்கு இது ஒத்துவரும் என்று தோன்றவில்லை" என்று சொன்னால், "ஒரு மாதத்தில் உனக்கு என்ன தெரியும் அம்மா? சேர்ந்துவிட்டால் பழகிவிடும்" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். சேர்ந்து ஐந்தாண்டு கழித்து அதே சொல்லைக் கேட்பதைவிட இப்போது கேட்பது எவ்வளவோ மேல். இந்தியாவில் இன்று 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவருவோர் பல்லாயிரவர். பெரிய நகரங்களில் அவர்களுள் பலர் தொடக்கத்தில் பிறர் கிளினிக்கில் சொற்ப ஊதியத்துக்கு உழைக்கிறார்கள். விருப்பம் உள்ளவர் அந்த ஆண்டுகளைப் பொறுத்துக் கடந்துவிடுவர். பெற்றோர் விருப்பத்துக்காகச் சேர்ந்தவர்க்கு அவை பெருஞ்சுமை. கடன் மட்டும் இருவர்க்கும் ஒன்றே.

'இல்லை' என்பதிலும் வகை உண்டு. நோயாளியோடு பழகப் பிடித்திருக்கிறது, ஆனால் நீண்ட படிப்புக்கு வசதியில்லை என்றால், பல் தூய்மை செய்து நோய் வராமல் காக்கக் கற்பிக்கும் ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டாண்டில் முடிவது. கைவேலை பிடித்திருக்கிறது, நோயாளி முன் நிற்பதுதான் பிடிக்கவில்லை என்றால், பல் தொழில்நுட்பர் படிப்பும் இரண்டாண்டே. இரண்டும் கண்ணியமான தொழில்கள். பட்டத்தின் பெயர் கல்யாணப் பத்திரிகையில் நீளமாக இராது என்பது ஒரு குறையாகாது.

விடைபெறும் நாளில் மாணவர் தம் கைப்பட ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். 'தங்களிடம் இந்த இரண்டு செய்திகளைக் கற்றேன்' என்று குறிப்பாக எழுதினால் மருத்துவர் மகிழ்வார். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளைக்கும் கதவைத் திறப்பார். உதவியாளருக்கும் மறவாமல் நன்றி கூறவேண்டும். பாதிப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

நம் சங்கத்து உறுப்பினர்களில் பல் மருத்துவர்களாக இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். கோடைக்கு ஒரு மாணவர் என்று ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டால், பல வீடுகளில் அவசர முடிவுகள் நிற்கும். நாற்காலி அருகே ஒரு சிறு முக்காலி போட இடம் இருந்தால் போதும். அந்த முக்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுந்த பிள்ளை, தன் வாழ்க்கையைப் பற்றித் தானே ஒரு முடிவு சொல்லக் கற்றிருக்கும்.